துருவுக்குள் ஒளிந்திருக்கும் பெயர்: பழைய தோட்ட டிராக்டரை அடையாளம் காண்பது எப்படி?



நம் ஊரில் புல் வெட்டுவோர் பெரும்பாலும் இயந்திரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு வருவார்கள். அமெரிக்காவில் வீட்டைச் சுற்றி ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலம் வைத்திருப்போர் அதிகம். அவர்களுக்கு முதுகில் மாட்டும் இயந்திரம் போதாது. வயலில் ஓடும் டிராக்டரோ மிகப் பெரியது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தேவைக்காக உருவானதுதான் தோட்ட டிராக்டர். ஒருவர் உட்கார்ந்து ஓட்டலாம், புல் வெட்டலாம், சிறிய கலப்பையைப் பூட்டி உழலாம், குளிர்காலத்தில் பனியைத் தள்ளலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே புறநகர் வீடுகள் பெருகியபோது இத்தகைய வண்டிகளும் பெருகின.

1950களிலும் 1960களிலும் செய்யப்பட்ட அந்த வண்டிகளில் பல இன்றும் பண்ணைக் கொட்டகைகளில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அவற்றை ஏலத்திலோ அக்கம்பக்கத்திலோ தேடி வாங்கி, பிரித்துச் சீர்செய்து, மீண்டும் ஓட வைப்பது அங்கே பலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. ஆனால், பணத்தைக் கொடுக்குமுன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்: இது எந்த வண்டி? விடை தவறினால் பொருந்தாத பிஸ்டனுக்கும் பொருந்தாத கேஸ்கட்டுக்கும் பணம் வீணாகும். அரிய வண்டி ஒன்றுக்குத் தவறான வண்ணம் பூசி, அதன் வரலாற்றை அழித்துவிடவும் கூடும்.

இந்த விடையைக் கண்டுபிடிக்க நீங்கள் பள்ளியில் படிப்பதே பெரும்பாலும் போதும். காந்தம், வெர்னியர் அளவுகோல், உருளையின் கன அளவுச் சூத்திரம், துரு பற்றிய பாடம் எல்லாம் இங்கே ஒன்றாகக் கைகொடுக்கும். வாருங்கள், ஒவ்வொரு சான்றாகப் பார்ப்போம்.

சான்று 1: வண்ணம்

தூரத்திலிருந்து முதலில் தெரிவது வண்ணம்தான். ஜான் டீர் வண்டிகள் பச்சையும் மஞ்சளும். வீல் ஹார்ஸ் சிவப்பு. இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த கப் கேடட் மஞ்சளும் வெள்ளையும். அந்த நிறுவனத்தின் பெரிய டிராக்டர்கள் சிவப்பாக இருந்ததால், தோட்ட வண்டிக்கு வேறு வண்ணம் கொடுத்தார்கள்.

ஆனால் வண்ணத்தை மட்டும் நம்பக்கூடாது. வெள்ளை உடலும் ஆரஞ்சு நிற முன்மூடியும் கொண்ட ஒரு ஜான் டீர் வண்டியைக் கண்டால், “யாரோ விளையாட்டாக வண்ணம் பூசிவிட்டார்கள்” என்றுதான் பலர் நினைப்பார்கள். உண்மையில் 1969ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகளுக்கு அந்த நிறுவனமே வெள்ளை வண்டிகளைச் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, நீலம் என்ற நான்கு நிற முன்மூடிகளுடன் விற்றது. அப்படிப்பட்ட வண்டிக்குப் பச்சை பூசினால் அது சீரமைப்பு ஆகாது.

எனவே, வெளியில் தெரியும் வண்ணத்தை விட்டுவிட்டு, மறைந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். இருக்கைக்குக் கீழே, மின்கலத் தட்டுக்கு அடியில், திருகாணியின் தலை மறைத்த வட்டத்தில் சூரிய ஒளி பட்டிருக்காது. பின்னாளில் பூசியவர்களின் தூரிகையும் எட்டியிருக்காது. பாறைப் படிவுகளில் அடியில் உள்ளது பழையது என்று படிக்கிறீர்கள் அல்லவா? வண்ணப் படலங்களுக்கும் அதே விதிதான்.

சான்று 2: பெயர்ப்பலகை

அடுத்தது பெயரும் எண்ணும். பெரும்பாலான வண்டிகளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மாடல் எண்; இது எந்த வகை வண்டி என்பதைச் சொல்லும். மற்றொன்று வரிசை எண். அந்த வகையில் இது எத்தனையாவது வண்டி என்பதை அறிய உதவும். பலகை இருக்கும் இடம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இருக்கையின் கீழ், கருவிப்பலகையின் கீழ், சட்டத்தின் பக்கவாட்டு என்று எல்லா இடங்களிலும் தேட வேண்டும். அழுக்கை மென்மையான தூரிகையால் துடையுங்கள். கம்பித் தூரிகை எண்ணையே அழித்துவிடும்.

பெயரைப் படிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. விற்றவரும் செய்தவரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. சியர்ஸ் என்பது பெரிய கடை நிறுவனம். அதன் பெயரில் விற்ற வண்டிகளை வேறு நிறுவனங்கள் செய்து கொடுத்தன. சியர்ஸ் மாடல் எண்ணில் புள்ளிக்கு முன்னால் வரும் மூன்று இலக்கங்கள், செய்தவர் யார் என்பதைக் குறிக்கும். 917 என்று தொடங்கும் பழைய வண்டிகளில் பல ரோப்பர் நிறுவனத்தின் தயாரிப்பு. அதுபோல, அல்லிஸ்-சால்மர்ஸ் பெயரில் விற்ற பல தோட்ட டிராக்டர்களைச் செய்தது சிம்ப்ளிசிட்டி நிறுவனம். உதிரிப்பாகம் தேடுவோருக்கு இது பெரிய உதவி. ஒரு பெயரில் கிடைக்காத பாகம் மறு பெயரில் கிடைக்கலாம்.

எண்ணுக்கு என்ன பொருள்?

எண்ணைக் கண்டதும் அவசரப்பட்டுப் பொருள் சொல்லிவிடக்கூடாது. மூன்று எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்.

1960களின் நடுவில் வந்த கப் கேடட் 122, 123 ஆகிய வண்டிகளில் முதல் இரண்டு இலக்கங்கள் குதிரைத்திறனைக் காட்டும். இரண்டுமே 12 குதிரைத்திறன் கொண்டவை. கடைசி இலக்கம் இயக்க முறையைப் பிரிக்கிறது. 122இல் பற்சக்கர கியர். 123இல் எண்ணெய் அழுத்தத்தால் சக்கரங்களைச் சுழற்றும் அமைப்பு.

கோலர் நிறுவனத்தின் கே வரிசை எஞ்சின்கள் அக்காலத்தில் பல நிறுவனங்களின் தோட்ட டிராக்டர்களில் பொருத்தப்பட்டன. அவற்றில் கே-181 என்றால் 18 குதிரைத்திறன் என்று எண்ணிவிடாதீர்கள். அதன் திறன் 8 குதிரைத்திறன்தான். 18 என்பது எஞ்சினின் கொள்ளளவு, கன அங்குலத்தில். கடைசி 1 என்பது சிலிண்டரின் எண்ணிக்கை. கே-482 என்றால் சுமார் 48 கன அங்குலம், இரண்டு சிலிண்டர்.

மூன்றாவது, ஜான் டீர் 110. இது 1963இல் வந்தபோது 7 குதிரைத்திறன் கொண்டது. பிறகு 8 ஆனது. இங்கே 110 என்பது திறனையும் குறிக்கவில்லை, கொள்ளளவையும் குறிக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் எண்முறையை இன்னொரு நிறுவனத்துக்குப் பொருத்தினால் விடை தவறிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

சான்று 3: காந்தம்

பழைய வண்டிகளில் எஞ்சினை மாற்றியிருப்பது வெகு சாதாரணம். 50 ஆண்டுகளில் ஒரு முறையாவது எஞ்சின் பழுதாகியிருக்கும். கையில் கிடைத்த வேறொன்றை முந்தைய உரிமையாளர் பொருத்தியிருப்பார். இதைச் சோதிக்க ஒரு சிறிய காந்தம் போதும்.

கோலர் கே வரிசை எஞ்சினின் உடல் வார்ப்பிரும்பு. காந்தம் ஒட்டும். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனம் 1953 முதல் அலுமினிய உடல் கொண்ட சிறு எஞ்சின்களையும் செய்துவந்தது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. ஆகவே, கோலர் கே இருக்க வேண்டிய வண்டியில் எஞ்சின் உடலில் காந்தம் ஒட்டாவிட்டால், அது பிறந்தபோது இருந்த எஞ்சின் அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். ஒட்டினால்? வார்ப்பிரும்பு என்று மட்டுமே சொல்லலாம். கோலர் என்று சொல்ல முடியாது. ஒரு சோதனை ஒரு கருத்தை மறுக்கப் போதுமானதாக இருந்தும், அதை நிறுவப் போதாமல் போகலாம். அறிவியலில் இந்த வேறுபாடு மிக முக்கியம்.

இதே காந்தத்தை முன்மூடியின் தகட்டிலும் நகர்த்திப் பாருங்கள். ஓர் இடத்தில் பிடி தளர்ந்தால், அங்கே நெளிவையோ ஓட்டையையோ பசைமாவால் நிரப்பி வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்று பொருள்.

சான்று 4: அளந்து பார்த்தல்

இனிதான் சுவையான பகுதி. கோலர் கே எஞ்சினின் எண் எழுதிய பலகை பெரும்பாலும் எஞ்சினின் உடலில் இருக்காது. குளிர்விக்கும் விசிறியை மூடும் தகட்டு உறையில் இருக்கும். அந்த உறையைச் சில திருகாணிகளைக் கழற்றினாலே எடுத்துவிடலாம். இன்னோர் எஞ்சினில் மாட்டிவிடலாம். அதாவது, பலகை உண்மையைச் சொன்னாலும் எஞ்சின் வேறாக இருக்கலாம்.

ஒருவர், “இது கே-181, 8 குதிரைத்திறன்” என்று விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே தோற்றம் கொண்ட 7 குதிரைத்திறன் கே-161ஆகவும் அது இருக்கலாம். எப்படிப் பிரிப்பது?

எஞ்சினின் கொள்ளளவு என்பது பிஸ்டன் கீழிருந்து மேலே வரும்போது கடக்கும் உருளையின் கன அளவு.

கொள்ளளவு = 3.142 × ஆரம் × ஆரம் × ஓட்ட நீளம்

கே-181இன் சிலிண்டர் விட்டம் 74.6 மில்லிமீட்டர்; பிஸ்டனின் ஓட்ட நீளம் 69.85 மில்லிமீட்டர். சென்டிமீட்டருக்கு மாற்றினால் ஆரம் 3.73, ஓட்டம் 6.985.

3.142 × 3.73 × 3.73 × 6.985 = 305 கன சென்டிமீட்டர்.

ஒரு கன அங்குலம் 16.39 கன சென்டிமீட்டர். 305ஐ அதனால் வகுத்தால் 18.6 கிடைக்கும். பெயரில் உள்ள 18 இங்கிருந்துதான் வந்தது.

இப்போது யோசியுங்கள். விட்டத்தை அளக்கலாமா, ஓட்ட நீளத்தை அளக்கலாமா? சிலிண்டரின் உட்சுவர் உராய்வால் தேயும். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சற்றுப் பெரிதாக்கி, பெரிய பிஸ்டன் போடுவதும் வழக்கம். போதாக்குறைக்கு, சில கே-161 எஞ்சின்களின் விட்டம் கே-181இன் விட்டமேதான். ஆகவே விட்டம் நம்மை ஏமாற்றலாம். ஓட்ட நீளம் அப்படியன்று. அதைத் தீர்மானிப்பது பிஸ்டனை இயக்கும் வளைதண்டின் வடிவம். சிலிண்டரை எத்தனை முறை கடைந்தாலும் அது மாறாது. கே-161இன் ஓட்ட நீளம் 63.5 மில்லிமீட்டர், கே-181இன் ஓட்ட நீளம் 69.85 மில்லிமீட்டர். வேறுபாடு 6 மில்லிமீட்டருக்கும் மேல்.

இந்த எஞ்சின்களில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் அமைந்தவை. அதனால் மேல்மூடியில் வால்வு எதுவும் கிடையாது. திருகாணிகளைக் கழற்றினால் மூடி அப்படியே வந்துவிடும். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது அது உடலின் மேல்தளத்திலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளக்க வேண்டும். பிறகு அதை அடிவரை இறக்கி மீண்டும் அளக்க வேண்டும். இரண்டு ஆழங்களின் வேறுபாடுதான் ஓட்ட நீளம். அளவீட்டில் அரை மில்லிமீட்டர் பிழை நேர்ந்தாலும் கவலையில்லை. நாம் தேடும் வேறுபாடு அதைப்போல் 12 மடங்குக்கும் அதிகம். கருவியின் பிழையைவிட, தேடும் வேறுபாடு பெரிதாக இருக்கும் அளவையே தேர்ந்தெடுங்கள். ஆய்வுக்கூடத்திலும் இது உங்களுக்குப் பயன்படும்.

சான்று 5: ஆற்றல் செல்லும் வழி

எஞ்சினை எளிதில் மாற்றலாம். சட்டத்தையும் சக்கரங்களுக்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும் அமைப்பையும் மாற்றுவது கடினம். ஆகவே அவை வலுவான சான்றுகள்.

கப் கேடட் வரிசையில் 1961இல் வந்த முதல் வண்டியிலும் 1963இல் வந்த 70 என்ற மாடலிலும் 7 குதிரைத்திறன் கே-161 எஞ்சின்தான். எஞ்சினை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. ஆனால் முதல் வண்டியில் எஞ்சினின் ஆற்றல் ஒரு பட்டை வழியாகப் பின்புறத்துக்குச் சென்றது. 70இல் பட்டையின்றிச் சுழல்தண்டு வழியாக நேராகச் சென்றது. கீழே குனிந்து பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

எஞ்சினின் பக்கத்தில் பட்டையால் இணைக்கப்பட்ட நீள்உருளை ஒன்றையும் இந்த வண்டிகளில் காணலாம். வண்டியைக் கிளப்பும்போது மின்கலத்திலிருந்து மின்னோட்டம் பெற்று, அது மோட்டாராக எஞ்சினைச் சுழற்றும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் எஞ்சின் அதைச் சுழற்றும். அப்போது அதுவே மின்னாக்கியாக மாறி மின்கலத்துக்கு மின்னேற்றும். மோட்டாரும் மின்னாக்கியும் ஒரே அமைப்பின் இரண்டு பயன்பாடுகள் என்று பாடத்தில் படிப்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

வாங்கலாமா, வேண்டாமா?

அடையாளம் தெரிந்துவிட்டது. இனி, சீரமைக்கத் தகுந்ததா என்று பார்க்க வேண்டும். பளபளப்பைவிட முழுமையே முக்கியம். துருப்பிடித்திருந்தாலும் எல்லாப் பாகங்களும் உள்ள வண்டி, புதுவண்ணம் பூசிய, பாதிப் பாகம் இல்லாத வண்டியைவிட மேலானது. தேய்ந்த பிஸ்டனுக்கும் கேஸ்கட்டுக்கும் மாற்று கிடைக்கும். ஆனால் அந்த மாடலுக்கே உரிய முன்மூடி, வார்ப்புப் பாகங்கள் தொலைந்திருந்தால் இன்னொரு பழைய வண்டியைத்தான் தேட வேண்டும். சட்டத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் உள்ள இடத்தில் துரு மெல்லிய கோடாகக் கசிந்திருக்கும்.

எஞ்சின் சுழலாவிட்டால் உடனே கைவிட வேண்டாம். இரும்பு துருவாக மாறும்போது முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியில் சிறிது துரு வளர்ந்தாலே பிஸ்டன் இறுகிவிடும். வலுக்கட்டாயமாகச் சுழற்றினால் பாகம் உடையும். ஊடுருவும் எண்ணெயை ஊற்றிச் சில நாள்கள் பொறுத்திருந்தால் பல எஞ்சின்கள் விடுபடும்.

இறுகிய மரைக்குத் தொழிலறிந்தவர்கள் வெப்பத்தைப் பயன்படுத்துவார்கள். எஃகு ஒரு பாகை வெப்பம் ஏறினால் தன் நீளத்தில் ஒரு மில்லியனில் 12 பங்கு விரியும். 12 மில்லிமீட்டர் துளையுள்ள மரை 200 பாகை சூடேறினால் துளை ஏறக்குறைய 0.03 மில்லிமீட்டர் பெரிதாகும். பார்வைக்குத் தெரியாத இந்த அளவே துருவின் பிடியைத் தளர்த்தப் போதும்.

துருவை நீக்கும் மின்னாற்பகுப்பு

கழற்றிய இரும்புப் பாகங்களின் துருவை மின்னாற்பகுப்பால் நீக்கலாம். நெகிழித் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, 4 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற அளவில் சலவைச் சோடாவைக் கரைப்பார்கள். துருப்பிடித்த பாகம் மின்னூட்டியின் எதிர்முனையில். பயனற்ற ஓர் எஃகுத் துண்டு நேர்முனையில். 12 வோல்ட் நேர்மின்னோட்டம் பாயும்போது, பாகத்தின் மேல் நடக்கும் ஒடுக்க வினையும் எழும் ஹைட்ரஜன் குமிழிகளும் துருவைத் தளர்த்தும். முனைகளை மாற்றி இணைத்தால் நாம் காப்பாற்ற நினைத்த பாகமே கரையத் தொடங்கும்.

மூன்று எச்சரிக்கைகள். உப்பைக் கரைக்கக்கூடாது; நச்சுள்ள குளோரின் வாயு வெளிவரும். நேர்முனையில் துருப்பிடிக்கா எஃகைப் பயன்படுத்தக்கூடாது. நச்சுத்தன்மை கொண்ட குரோமியச் சேர்மங்கள் உருவாகும். அலுமினியப் பாகத்தை இதில் போடக்கூடாது. காரக் கரைசல் அதை அரித்துவிடும். காந்தச் சோதனை இங்கேயும் உதவுகிறது பாருங்கள். ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றும் என்பதால் இதைத் திறந்த வெளியில், விவரம் தெரிந்த பெரியவர் துணையுடன் மட்டுமே செய்ய வேண்டும்.

பழைய வண்டியில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளும் உண்டு. அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டு வண்ணப்பூச்சில் ஈயம் கலப்பதற்கு 1978இல்தான் தடை வந்தது. அதற்கு முந்தைய வண்ணத்தை உலர்வாகத் தேய்த்தால் ஈயத் தூசி நுரையீரலுக்குள் போகலாம். பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றால் ஊதவே கூடாது. தொட்டியில் மிஞ்சிய பெட்ரோலின் ஆவி, பெட்ரோலைவிட எளிதில் தீப்பிடிக்கும்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. பலகையில் கே-241 என்று உள்ளது. இதன் இயல்பான விட்டம் 82.55 மில்லிமீட்டர், ஓட்ட நீளம் 73.0 மில்லிமீட்டர். நீங்கள் அளந்தபோது விட்டம் 83.3, ஓட்டம் 73.0 என்று வந்தது. என்ன நடந்திருக்கும்? கொள்ளளவு எவ்வளவு கூடியிருக்கும்?

2. ஒரு கப் கேடட் வண்டியில் 122 என்று எழுதியிருக்கிறது. ஆனால் கியர் மாற்றும் கோல் இல்லை; ஒரே நெம்புகோல் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறது. என்ன முடிவுக்கு வருவீர்கள்?

3. விற்பவர், “இதுதான் முதலில் பூசிய வண்ணம்” என்கிறார். எங்கே பார்த்து உறுதி செய்வீர்கள்?

விடைகள்

1. ஓட்ட நீளம் மாறாததால் இது கே-241தான். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியிருக்கிறார்கள். கொள்ளளவு ஏறக்குறைய 391இலிருந்து 398 கன சென்டிமீட்டராகக் கூடியிருக்கும். புதிய பிஸ்டன் வாங்கினால் பெரிய அளவில் வாங்க வேண்டும்.

2. 122 கியர் வண்டி. இதில் உள்ளதோ எண்ணெய் அழுத்த இயக்கம். எண் எழுதிய பாகம் வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம். இது 123ஆக இருக்கலாம். மற்றச் சான்றுகளையும் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

3. இருக்கைக்கு அடியில், மின்கலத் தட்டின் கீழ், திருகாணித் தலை மறைத்த இடங்களில்.

வீட்டில் செய்து பாருங்கள்

தோட்ட டிராக்டர் நம் வீட்டில் இருக்காது. ஆனால் பாட்டியின் பழைய சிங்கர் தையல் இயந்திரம் இருக்கலாம். அதன் அடித்தளத்தின் வலப்புறத்தில் வரிசை எண் உலோகத்திலேயே அச்சடிக்கப்பட்டிருக்கும். 1900ஆம் ஆண்டு முதல் அந்த எண்ணுக்கு முன்னால் எழுத்துகளையும் சேர்த்தார்கள். எழுத்தையும் எண்ணையும் கொண்டு அது எந்தத் தொழிற்சாலையில், ஏறக்குறைய எந்த ஆண்டில் உருவானது என்று கண்டுபிடிக்கலாம்.

முதலில் பாட்டியிடமோ அம்மாவிடமோ அது எப்போது வாங்கியது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எண்ணைப் படியுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் யார் சொல்வது தவறு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். இயந்திரம் செய்யப்பட்ட ஆண்டு வேறு, வீட்டுக்கு வந்த ஆண்டு வேறு. கடையில் காத்திருந்த காலமும், முன்பு வேறு யாராவது வைத்துத் தைத்த காலமும் அந்த இடைவெளியில் இருக்கலாம். எந்தச் சான்று எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்று பிரித்து எழுதி, அடுத்த பாடவேளையில் உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.